சம்வேர்: மூணு விருது விழாக்களும் ஒரு சும்மா இருக்கிற அப்பாவும்

பொட்டல் காடு. நடுவுல வளைஞ்சு போற ஒரு ரோடு. அதுல ஒரு கறுப்பு ஃபெராரி சுத்துது. கேமராவை யாரோ மறந்து வச்சுட்டுப் போயிட்ட மாதிரி, அது அசையவே மாட்டேங்குது. கார் ஃப்ரேமை விட்டு வெளியே போகுது, சத்தம் மட்டும் கேட்குது. திரும்ப வருது. மறுபடி போகுது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல இதே கதை. கடைசியில கார் நிக்குது. ஒருத்தன் இறங்கி வந்து சும்மா நிக்கிறான். அம்புட்டுதான்.

சோஃபியா கொப்போலா எழுதி இயக்கி 2010-ல வந்த 'சம்வேர்' படம் இப்படித்தான் ஆரம்பிக்குது. இந்த இடத்துலயே பாதிப் பேர் ரிமோட்டைத் தேடியிருப்பாங்க. தப்பில்லை. மீதிப் பேர் படம் முடிஞ்சதும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "கோடி கோடியா சம்பாதிக்கிற ஒருத்தனுக்கு போரடிக்குதாம், அதை நான் ஏன் சாமி 97 நிமிஷம் உட்கார்ந்து பாக்கணும்?"

நியாயமான கேள்விதான். இதுக்கு "கலைப்படம்னா அப்படித்தான், உனக்குப் புரியாது"ன்னு பதில் சொல்றவங்களை எனக்குப் பிடிக்காது. ஒழுங்கா பதில் சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசணும். ஒரு ஹோட்டலோட வரலாறு, போரடிச்சுப் போன நட்சத்திரங்களை சினிமா காட்டின வரலாறு, அப்புறம் ஒரு குடும்பத்தோட வரலாறு. மூணும் ஒரே இடத்துலதான் வந்து சேருது.

(டிஸ்கி: கதையை முழுசா சொல்லப் போறேன். இதுல சஸ்பென்ஸ்னு ஒரு கத்தரிக்காயும் கிடையாது, அதனால யாருக்கும் நஷ்டமில்லை :-) )

முதல்ல கதை. ஜானி மார்கோ (ஸ்டீஃபன் டார்ஃப்) ஹாலிவுட்டில் பெரிய நடிகன். வீடு கிடையாது, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஹோட்டல் அறையில்தான் வாசம். படிக்கட்டில் விழுந்து கையில மாவுக்கட்டு. குடி, சிகரெட், பேர் தெரியாத பெண்கள், தூக்கம். விவாகரத்தான மனைவி லைலா, 11 வயசு மகள் க்ளியோ (எல் ஃபேனிங்). ஒருநாள் லைலா ஃபோன் பண்ணி, "நான் கொஞ்ச நாள் வெளியூர் போறேன், எப்ப வருவேன்னு தெரியாது, சம்மர் கேம்ப் ஆரம்பிக்கிற வரைக்கும் பொண்ணைப் பார்த்துக்கோ"ங்கிற மாதிரி சொல்லிடறா. அப்பாவும் மகளும் சில நாட்கள் ஒண்ணா இருக்காங்க. நீச்சல் குளம், வீடியோ கேம், ஒரு விருது வாங்க இத்தாலிக்கு ஒரு பயணம். அப்புறம் அவ கேம்புக்குப் போயிடறா. இவன் ஹோட்டலைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடறான். கதை இவ்வளவுதான். வழக்கமான ஹாலிவுட் திரைக்கதை 100 பக்கத்துக்கு மேல போகும். இந்தப் படத்தோட திரைக்கதை அதுல பாதிகூட இல்லை.

*

இப்ப அந்த ஹோட்டல். பேரு ஷாட்டோ மார்மாண்ட். சன்செட் பூலவார்ட் மேட்டில், ஃபிரான்ஸ் நாட்டு அம்புவாஸ் கோட்டையைப் பார்த்து, ஃப்ரெட் ஹாரோவிட்ஸ்னு ஒரு வக்கீல் கட்டினது. 1929-ல திறந்தாங்க. அந்த வருஷத்தைப் பார்த்தாலே விதி புரியும். திறந்த சில மாசத்துல வால் ஸ்ட்ரீட் கவிழ்ந்துடுச்சு. முதல்ல அது ஹோட்டலே இல்லை, வாடகைக் குடியிருப்பு. பெரு மந்தத்துல அந்த வாடகையைக் கொடுக்க ஆளில்லை. 1931-ல ஆல்பர்ட் ஸ்மித் அதை வாங்கி ஹோட்டலா மாத்தினார். மௌனப்பட காலத்துல வைட்டாகிராஃப் கம்பெனியை நடத்தின ஆளு இவர். ஆக, பிறந்ததுலருந்தே அது சினிமாக்காரங்க கட்டடம்.

குடியிருப்பா கட்டினதால ஒவ்வொரு அறைத்தொகுதியிலும் சமையலறை, ஹால் எல்லாம் உண்டு. வீடு மாதிரி இருக்கும், ஆனா வீடு இல்லை. படத்துக்கு இந்தச் சின்ன விஷயம் ரொம்ப முக்கியம். க்ளியோ அந்தச் சமையலறையில நின்னு காலை டிபன் செய்யறா. முட்டையை வேகவச்சு, சாஸ் கிண்டி, தட்டுல அழகா எடுத்து வைக்கிறா. அந்த அடுப்பை அப்பன்காரன் எப்பவாவது பத்த வச்சிருப்பானாங்கிறது சந்தேகம்தான். 11 வயசுப் பொண்ணு ஒரு ஹோட்டல் அறையைக் கொஞ்ச நேரத்துக்கு வீடா மாத்திக் காட்டறா. யாரும் அதைப் பத்தி வசனம் பேசறதில்லை.

மார்மாண்ட் சுவர்களுக்குள்ள நடந்த கூத்துகளைத் தனிப் புத்தகமா போடலாம். ஜான் பெலூஷி 1982 மார்ச் 5-ம் தேதி அங்க ஒரு பங்களாவில போதை ஊசியால செத்துப் போனார். ஃபோட்டோகிராஃபர் ஹெல்மட் நியூட்டன் 2004-ல அந்த ஹோட்டல் வாசல்லருந்து காரை எடுத்த கையோட சுவத்துல மோதி இறந்தார். எனக்கு இதைவிட முக்கியமாப் படறது இன்னொண்ணு. 1950-கள்ல நிக்கலஸ் ரே அங்க ஒரு பங்களாவில தங்கியிருந்துதான் 'ரெபல் வித்தவுட் எ காஸ்' (1955) படத்துக்குத் தயாரானார். ஜேம்ஸ் டீன், நாட்டலி உட் எல்லாரையும் அங்கயே வரவச்சு ஒத்திகை பார்த்தார். அந்தப் படம் எதைப் பத்தினது? அப்பாக்கள் கூடவே இருந்தும் இல்லாமப் போன பிள்ளைகளைப் பத்தி. அதே கட்டடத்துல 50 வருஷம் கழிச்சு அதே விஷயத்தைச் சத்தம் போடாம எடுத்திருக்காங்க சோஃபியா. டீன் அதுல கத்திக் கதறுவார். க்ளியோ இதுல ஒரே ஒரு தடவை அழறா, அதுவும் காருக்குள்ள.

*

அடுத்தது நட்சத்திரங்களோட சலிப்பு. சினிமா தன்னோட நட்சத்திரங்களைத் திருப்பிப் பார்க்க ஆரம்பிச்சதுக்கு ஒரு தேதி சொல்லச் சொன்னா 1960-ஐச் சொல்லுவேன். அந்த வருஷம்தான் ஃபெலினியோட 'லா டோல்ச்சே வீட்டா' வந்தது. 'பாப்பராஸி'ங்கிற வார்த்தையே அதுல வர்ற ஃபோட்டோகிராஃபர் பாத்திரத்தோட பேர்லருந்து வந்ததுதான். அதுக்குப் பின்னாடி வந்த ரெண்டு படங்களை 'சம்வேர்' பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரு வேடிக்கை தெரியும்.

ஒண்ணு சத்யஜித் ராயின் 'நாயக்' (1966). வங்காள சினிமாவின் சூப்பர் ஸ்டார் உத்தம் குமாரையே சூப்பர் ஸ்டாரா நடிக்க வச்சார் ராய். அரிந்தம்னு பேரு. ஒரு விருது வாங்க கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போறார். அதே ரயிலில் அதிதின்னு ஒரு பத்திரிகைக்காரப் பெண் (ஷர்மிளா தாகூர்). அவகிட்ட ஒரு ராத்திரி முழுக்க மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டறார்.

இன்னொண்ணு மறுபடி ஃபெலினி. எட்கர் ஆலன் போ கதைகளை வச்சு 1968-ல மூணு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த படத்துல அவர் பங்கு 'டோபி டாமிட்'. டெரன்ஸ் ஸ்டாம்ப் ஒரு குடிகார ஆங்கில நடிகன். ரோமுக்கு வர்றான். ஏன் வர்றான்? படத்துல நடிச்சா ஃபெராரி தர்றதா சொல்லியிருக்காங்க! நடுவுல ஒரு விருது விழா. மேடையில உளறிட்டு, ஃபெராரியை எடுத்துக்கிட்டு ராத்திரியெல்லாம் தெருத்தெருவா சுத்தறான். எந்தத் தெருவுல போனாலும் முட்டுச்சந்து. கடைசியில உடைஞ்ச பாலம், குறுக்கே ஒரு கம்பி, தலை போயிடுது.

மூணாவது நம்ம ஜானி மார்கோ. அவனும் விருது வாங்கப் போறான், மிலான் நகரத்துக்கு. இத்தாலிய டிவி உலகத்தோட 'டெலிகாட்டோ' விருது. பரிசு ஒரு பூனை பொம்மை. மேடையில என்ன நடக்குதுன்னே அவனுக்குப் புரியலை. "கிராஸியே"ன்னு சொல்லிட்டு நிக்கிறான். சுத்தி நடனப் பெண்கள் ஆட ஆரம்பிச்சுடறாங்க. எந்தப் பக்கம் இறங்கிப் போறதுன்னு தெரியாம நடுவுல முழிக்கிறான்.

டெல்லி, ரோம், மிலான். மூணு நட்சத்திரங்கள், மூணு விருதுகள். ஊரே கைதட்டற நேரத்துலதான் மூணு பேருக்கும் உள்ளுக்குள்ள காலியா இருக்கு. ஆனா இந்த ஒற்றுமையை விட ஒரு வித்தியாசம் எனக்குப் பெருசாத் தெரியுது. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் அவரைக் கவனிச்சுக்கிட்டே ஒரு பெண் இருக்கா. 'நாயக்'ல பத்திரிகைக்காரி. அவர் சொன்னதையெல்லாம் எழுதி வச்சவ, கடைசியில அந்தக் காகிதங்களைக் கிழிச்சுப் போட்டுடறா. 'டோபி டாமிட்'ல வெள்ளைப் பந்தோட விளையாடற ஒரு சின்னப் பெண். அது சாத்தான்! அவன் தலைக்காகக் காத்திருக்கு. 'சம்வேர்'ல சொந்த மகள்.

பத்திரிகைக்காரிக்கு அவன் ஒரு செய்தி, அப்புறம் ஒரு மனுஷன். சாத்தானுக்கு அவன் ஒரு இரை. மகளுக்கு? அவளுக்கு அவன்கிட்ட வேண்டியது நேரம் மட்டும்தான். அவன்கிட்ட ஏகப்பட்டது இருக்கிறதும் அது ஒண்ணுதான். சலிப்புன்னா வேற என்ன, செலவழிக்கத் தெரியாத நேரம்தானே? ஒருத்தன்கிட்ட நேரம் மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு, அவன் மகளுக்கு அதுலருந்து ஒரு பிடி கிடைக்க மாட்டேங்குது. அதனாலதான் இந்தப் படம் பணக்கார சோகம் இல்லைன்னு சொல்றேன். இது ஒரு கடன் கணக்கு.

*

சரி, அதுக்கு ஏன் இவ்வளவு மெதுவா எடுக்கணும்? இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1960-ல அந்தோனியோனியின் 'லவென்ச்சுரா' கான் விழாவில திரையிட்டப்ப கூட்டம் கூச்சல் போட்டுச்சு. காணாமப் போன பெண்ணைத் தேடற கதை, அவளைக் கண்டுபிடிக்காமலே முடிஞ்சுடும். அதே படத்துக்கு அதே விழாவில நடுவர் பரிசும் கிடைச்சது. கதை நகராத நேரத்தையும் படத்துல வச்சுக்கலாம்னு ஒரு கதவு திறந்தது அப்பதான்.

1975-ல பெல்ஜியத்துக்காரர் சாந்தல் அகர்மான் 'ழான் டீல்மான்' எடுத்தாங்க. அப்ப அவங்களுக்கு 25 வயசுகூட ஆகலை. 201 நிமிஷம். ஒரு விதவைத் தாய் உருளைக்கிழங்கு தோல் உரிக்கிறா, பாத்திரம் கழுவறா, கட்டில் விரிப்பை நீவி விடறா. எல்லாம் முழு நேரத்துல. அரை மணி நேரம் போனதும் நமக்கு அவ வேலைமுறை மனப்பாடம் ஆயிடும். அப்புறம் அதுல ஒரு சின்னப் பிசகு வந்தா நமக்கே திக்குன்னு இருக்கும். 2022-ல 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் எடுத்த வாக்கெடுப்புல உலகத்தின் தலைசிறந்த படம்னு முதலிடம் இதுக்குத்தான் கிடைச்சது. மெதுவா எடுக்கிறதோட ரகசியம் இதுதான்: முதல்ல பழக்கத்தைக் கத்துக்கொடு, அப்புறம் அதுல ஒரு மாற்றத்தைக் காட்டு. பார்க்கிறவன் தானே கண்டுபிடிச்சுப்பான்.

சோஃபியா இந்த வழியில ஒரு ஒளிப்பதிவாளரைத் தேர்ந்தெடுத்தாங்க. ஹாரிஸ் சவீடஸ். கஸ் வான் சான்ட்டோட 'ஜெர்ரி' (2002), கான் விழாவில தங்கப் பனை வாங்கின 'எலிஃபண்ட்' (2003), 'லாஸ்ட் டேஸ்' (2005) எல்லாம் இவர் வேலை. நீளமான ஷாட், கூடுமானவரை இருக்கிற வெளிச்சம், பளபளப்பு இல்லாத நிறம். 2012-ல 55 வயசுல காலமாயிட்டார். நல்ல கலைஞன்.

இப்ப படத்துல ரெண்டு காட்சிகளைப் பக்கத்துல பக்கத்துல வைங்க.

முதல் காட்சி: ஜானி கட்டில்ல சாய்ஞ்சிருக்கான். ரெட்டைச் சகோதரிகள் ரெண்டு பேர், கழட்டி மாட்டற மாதிரி கம்பங்களைக் கொண்டுவந்து அறையில நட்டு, அதைச் சுத்தி ஆடறாங்க. காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆட்டம். கேமரா அசையறதில்லை. பாட்டு முழுசா ஓடுது. நமக்கே கொட்டாவி வருது, ஜானி தூங்கியே போயிடறான். அவங்க கம்பங்களை மடிச்சுப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, வேற உடுப்புல, வேற பாட்டுக்கு, மறுபடி ஒரு ஆட்டம்.

ரெண்டாவது: க்ளியோ பனிச்சறுக்கு வகுப்பு. ஜானி கேலரியில உட்கார்ந்திருக்கான். முதல்ல ஃபோனைத்தான் நோண்டறான். குவென் ஸ்டெஃபானியோட 'கூல்' பாட்டு ஆரம்பிக்குது. க்ளியோ நீலமாப் பளபளக்கிற உடுப்புல சறுக்கிக்கிட்டு வர்றா. கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் காட்டறாங்க. ஜானி தலையை நிமிர்த்தறான். பார்க்கிறான். ஃபோன் மறந்து போகுது. முடிஞ்சதும் கைதட்டறான்.

படத்தோட இலக்கணம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான், எதிர்ல ஆட்டம் நடக்குது, பாட்டு ஓடுது, நாம காத்திருக்கோம். முன்னாடி அந்தக் கம்ப ஆட்டத்தை அவ்வளவு நேரம் காட்டி நம்மளைப் படுத்தினது இதுக்குத்தான். அங்க அவன் பார்வை செத்துக் கிடந்தது, இங்க உயிர் வருது. ஒரு வசனம் இல்லை, பின்னணியில வயலின் அழுகை இல்லை. அதுக்கப்புறம் அவன் கேட்கிற ஒரு சாதாரணக் கேள்விதான் என்னைக் குத்திச்சு: எப்ப இதைக் கத்துக்கிட்டே? அவ சொல்ற பதில்: மூணு வருஷமாப் போய்க்கிட்டிருக்கேன். குற்றம் சாட்டற தொனியே கிடையாது. நேரம் என்ன ஆச்சுன்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்றா.

மூணு வருஷம்! அப்பாவா இருக்கிற யாரும் இந்த இடத்துல ஒரு தடவை எச்சில் முழுங்காம இருக்க முடியாது. நம்ம வீட்ல ஃபெராரி கிடையாது, மார்மாண்ட் அறையும் கிடையாது. ஆனா அந்தக் கேலரியில ஃபோனோட உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும் நம்ம எல்லார் வீட்லயும் இருக்கான். 2010-ல இதைப் பார்த்தவங்களுக்கு அது ஒரு ஹாலிவுட் நடிகனோட கெட்ட பழக்கம். இன்னிக்குப் பார்க்கிறவங்களுக்கு அது சாயங்காலம் ஆறு மணி.

இன்னொரு காட்சியையும் சொல்லணும். மேக்கப் ஸ்டூடியோவில ஜானியோட தலையை அச்சு எடுக்கிறாங்க. முகம், தலை பூரா வெள்ளைப் பசையைப் பூசி, மூக்குக்கு மட்டும் ஓட்டை விட்டு, அப்படியே உட்கார வச்சுட்டு எல்லாரும் போயிடறாங்க. மூச்சுச் சத்தம் மட்டும். கேமரா மெ...து...வா அந்த முகமில்லாத தலையை நோக்கிப் போகுது. இதுக்கு முன்னாடி ஒரு பத்திரிகையாளர் சந்திப்புல "யார் ஜானி மார்கோ?"ன்னு கேட்டதுக்கு அவனால பதில் சொல்ல முடியாமப் போயிருக்கும். பதில் இங்க உட்கார்ந்திருக்கு. பசையை எடுத்ததும் அவனைக் கிழவனா மாத்திக் கண்ணாடியில காட்டறாங்க. சிரிப்பு வர்ற காட்சிதான், ஆனா சிரிப்பு தொண்டையோட நின்னுடுது.

*

மூணாவது வரலாறு, குடும்பம். சோஃபியா 1971 மே மாசம் பிறந்தாங்க. பிறந்த சில வாரத்துலயே கேமரா முன்னாடி! 'காட்ஃபாதர்' (1972) ஞானஸ்நானக் காட்சியில வர்ற ஆண் குழந்தை இவங்கதான். அப்பா ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 'அபோகலிப்ஸ் நவ்' எடுக்க 1976-ல பிலிப்பைன்ஸ் போனப்ப குடும்பத்தையே கூட்டிக்கிட்டுப் போனார். படப்பிடிப்பு 1977 வரைக்கும் இழுத்தது. புயல் வந்து செட்டை அடிச்சுட்டுப் போச்சு, கதாநாயகன் மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு. அந்தக் களேபரத்துக்கு நடுவுல ஓடி விளையாடின அஞ்சு வயசுக் குழந்தை இவங்க. அப்புறம் 'காட்ஃபாதர் 3' (1990). வினோனா ரைடர் கடைசி நேரத்துல விலகினதால அப்பா மகளை நடிக்க வச்சார். விமர்சகர்கள் 19 வயசுப் பொண்ணைக் குதறி எடுத்தாங்க. அப்பாவுக்கு விழ வேண்டிய அடி மகள் மேல விழுந்துச்சுன்னு தோணும். அதுலருந்து எழுந்து 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' (2003) எழுதி திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினது தனிக் கதை.

ஜானி மார்கோ ஃபிரான்சிஸ் கிடையாது. ஃபிரான்சிஸ் பிள்ளைகளைப் படப்பிடிப்புக்குக் கூட்டிக்கிட்டே அலைஞ்ச ஆள். ஆனா பெரிய மனுஷ அப்பாவோட ஹோட்டல் ஹோட்டலா போறது, அவரைச் சுத்தி எப்பவும் கூட்டம், நடுவுல ஒரு ஓரமா நிக்கிற சின்னப் பொண்ணோட உயரத்துலருந்து இதெல்லாம் எப்படித் தெரியும்? அது இவங்களுக்குக் கேள்வி ஞானம் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் ஒண்ணு. 'சம்வேர்' படத்தை எடுக்க சோஃபியாவும் சவீடஸும் பயன்படுத்தினது பழைய லென்ஸுகள். ஃபிரான்சிஸ் தன்னோட 'ரம்பிள் ஃபிஷ்' (1983) படத்துக்குப் பயன்படுத்தின அதே லென்ஸுகள். பழைய கண்ணாடிங்கிறதால அந்த மிருதுவான, கொஞ்சம் மங்கின வெளிச்சம் கிடைச்சது. இது தொழில்நுட்பக் காரணம். இப்ப இதைக் கேளுங்க. 'ரம்பிள் ஃபிஷ்'ல டயான் லேனோட தங்கச்சியா ஒரு சின்னப் பொண்ணு வருவா. அது சோஃபியா. 1982-ல படப்பிடிப்பு நடந்தப்ப வயசு 11. க்ளியோவுக்கும் 11! அப்பா தன்னை எந்தக் கண்ணாடி வழியா பார்த்தாரோ, அதே கண்ணாடி வழியா மகள் இப்ப ஒரு அப்பாவைப் பார்க்கிறாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்றது?

இந்த வரலாற்றைத் தெரிஞ்சுக்கிட்டா படம் யாரோட படம்னு புரியும். ஜானிதான் எல்லாக் காட்சியிலும் இருக்கான், ஆனா கணக்கு எழுதறது க்ளியோ. மிலான்ல ராத்திரி அறைக்கு ஒரு பெண் வர்றா. காலையில அதே பெண் சாப்பாட்டு மேசையில இவங்களோட உட்கார்ந்திருக்கா. க்ளியோ சத்தம் போடலை. அப்பாவை ஒரு முறை முறைக்கிறா பாருங்க, அது போதும்.

*

குறையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. முடிவு எனக்குக் கொஞ்சம் சுலபமாப் படுது. க்ளியோவைக் கேம்புக்கு அனுப்பற இடத்துல ஹெலிகாப்டர் இரைச்சலுக்கு நடுவுல "கூட இல்லாமப் போயிட்டேன், மன்னிச்சுக்கோ"ன்னு ஜானி கத்தறான். அவளுக்குக் கேட்கலை. பிரமாதமான இடம். அதோட நிறுத்தியிருக்கலாம். அதுக்கப்புறம் லைலாவுக்கு ஃபோன் பண்ணி, நான் ஒண்ணுமே இல்லைன்னு அழறான். அவ ஏதாவது சேவை செய்யப் போயேன்ங்கிறா :-) கடைசியில ஃபெராரியை சாவியோட நெடுஞ்சாலை ஓரத்துல விட்டுட்டுப் புன்னகையோட நடக்கிறான். வட்டமா சுத்தின கார் நின்னுடுச்சு, மனுஷன் நேர்க்கோட்டுல நடக்கிறான். புரியுது. ஆனா அவன் எங்க போறான்? மகள்கிட்டேயா? படம் சொல்லலை. மகளுக்குத் தேவை காரைத் துறக்கிற அப்பா இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேலரியில உட்கார்ற அப்பா.

இன்னொரு குறை, அம்மா. லைலா முகமே சரியாப் பதியறதில்லை. அவளுக்கு என்ன கஷ்டம், ஏன் எங்கயோ போகணும்னு படம் கேட்கவே இல்லை. அப்பனோட வெறுமைக்கு 97 நிமிஷம், அம்மாவுக்கு ரெண்டு ஃபோன் கால். நிஜ வாழ்க்கையில சோஃபியாவோட அம்மா எலனார் அப்படி ஓரமா நின்னவங்க கிடையாது. பிலிப்பைன்ஸ் படப்பிடிப்பு நாட்களைக் குறிப்பெழுதி 1979-ல புத்தகமா போட்டாங்க. அவங்க எடுத்த காட்சிகள்தான் 'ஹார்ட்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' (1991) ஆவணப்படத்துக்கு அடிப்படை. பெரிய மனுஷனைப் பக்கத்துல இருந்து கவனிக்கிற வேலையை மகளுக்கு முன்னாடியே அம்மா ஆரம்பிச்சு வச்சுட்டாங்க. 2024 ஏப்ரல்ல காலமானாங்க.

வெனிஸ் விழாவில 2010 செப்டம்பர் 11-ம் தேதி 'சம்வேர்' தங்கச் சிங்கம் வாங்கிச்சு. அதுக்கு முன்னாடி அதை வாங்கின பெண் இயக்குநர்கள் மூணே பேர்: மார்கரெத்தே ஃபான் ட்ரோட்டா, ஆன்யஸ் வர்தா, 'மான்சூன் வெட்டிங்' எடுத்த நம்ம மீரா நாயர். நடுவர் குழுத் தலைவர் குவென்டின் டரன்டினோ. ஒரு காலத்துல அவரும் சோஃபியாவும் பழகினவங்கங்கிறதால ஊர் வாயில அவல் விழுந்துச்சு. முடிவு ஏகமனதா எடுத்ததுன்னு டரன்டினோ சொன்னார். ரத்தம் தெறிக்க எடுக்கிற மனுஷன் தலைமையில இந்தப் படத்துக்குப் பரிசு! வசூல் பெருசா இல்லை. "பணக்காரப் பொண்ணு எடுத்த பணக்காரப் புலம்பல்"னு ஒரு கூட்டம் திட்டிச்சு. ரோஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரம் கொடுத்தார்.

அதுக்கப்புறம் சோஃபியா 'ஆன் த ராக்ஸ்' (2020) எடுத்தாங்க. அதுலயும் ஜாலியான ஒரு அப்பா, அவரை முழுசா நம்பவும் முடியாம விடவும் முடியாம ஒரு மகள். மகளா நடிச்சது இசைமேதை குவின்ஸி ஜோன்ஸோட மகள் ரஷீதா ஜோன்ஸ். 'பிரிஸில்லா' (2023) எல்விஸ் பிரெஸ்லி வீட்டுல காத்துக்கிட்டே இருந்த ஒரு இளம் மனைவியோட கதை. புகழ்பெற்ற ஆண் வெளியே இருக்கான், வீட்டுக்குள்ள ஒருத்தி காத்திருக்கா. சோஃபியா இந்தக் கதைக்குத் திரும்பத் திரும்ப வர்றாங்க.

பார்க்கிறதா இருந்தா ராத்திரி லேட்டா ஆரம்பிக்காதீங்க, தூக்கம் வந்துடும், நானே சொல்லிடறேன். ஃபோனை வேற அறையில வச்சுடுங்க. கம்ப ஆட்டம் வர்றப்போ ஓட்டி விடாதீங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்காருங்க. அதை ஓட்டிட்டா பனிச்சறுக்குக் காட்சி உங்களுக்கு வெறும் பனிச்சறுக்குதான்.